எங்கள் ஊர்க் கோட்டையில் இருந்த ராஜாவின் குளம்: கண்டியில் நான்கு நாள்

கண்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் புத்தர் பல் இருக்கும் தலதா மாளிகையைத் தேடிப் போவார்கள். நான் குளத்தில் மிகுந்த நீர் வெளியேறும் கலங்கலைத் தேடிப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் பொதுப்பணித் துறையில் ஏரிக்கரை அளந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? "ஊரே கோயிலுக்குள்ள போகுது, நீங்க தண்ணி எங்க வெளிய போகுதுன்னு பார்க்கறீங்க" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. நான் வேலூர்க்காரன். தண்ணீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், அரசனில்லாத கோட்டை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ஆறு இன்னும் பெரும்பாலும் அப்படித்தான். கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார். கோட்டையில் அரசன் இல்லை என்றதுதான் முழுப் பொய். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816இலிருந்து 1832இல் சாகும் வரை அந்தக் கோட்டையில்தான் கைதியாக இருந்தார். இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். கோட்டைக்குள் கண்டி மகால் என்று ஒரு கட்டடம் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகும் வழியில் தினம் பார்த்தது. பாலாற்றங்கரையில் அவர் சமாதி மேல் 1990இல் கட்டிய முத்து மண்டபம் இருக்கிறது. அறுபது வருடமாக அவர் செத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்ந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினோம்.

சென்னையிலிருந்து கொழும்பு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கிருந்து கண்டிக்கு ரயில். பஸ்ஸும் உண்டு, ஆனால் வீண். 1867இல் போட்ட பாதை அது. கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு வளைந்து ஏறும்போது பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே கிடக்கும். போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது. முன்பதிவு செய்யாமல் போய்க் கதவோரம் நின்றுகொண்டே வந்தவர்களையும் பார்த்தேன். இளவட்டங்களுக்கு அது சரி, முழங்கால் வலிக்காரர்கள் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

இப்போது குளம். பலகையில் 'கண்டி வாவி' என்று தமிழிலேயே எழுதியிருக்கிறது. சிங்களத்தில் கிரி முஹுத என்பார்களாம். கிரி என்றால் பால், முஹுத என்றால் கடல். பாற்கடல்! பாற்கடலை வெட்டியவர் பாலாற்றங்கரையில் போய்ச் சேர்ந்தார் என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. மனைவியிடம் சொன்னேன். "இதை யாராவது பாட்டா எழுதியிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வெட்டியது 1807இல். எங்கள் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த மறுவருடம். அரண்மனைக்கு முன்னால் இருந்த வயல் பள்ளத்தில் கரை போட்டு நீரைத் தேக்கியிருக்கிறார்கள். ஆக, பார்க்க அலங்காரக் குளம் என்றாலும் பிறப்பில் இது நம் ஊர் ஏரிதான்: ஒரு பள்ளம், ஒரு கரை, ஒரு கலங்கல். மிகுந்த நீர் மெத எல என்ற கால்வாயாக ஊருக்குள் இறங்கி மகாவலி ஆற்றுக்குப் போகிறது. கால்வாயை எட்டிப் பார்த்தேன். ஊர்க் கால்வாய் எங்கேயும் ஊர்க் கால்வாய்தான், அதற்கு மேல் சொல்ல வேண்டாம். மேல் முனையில் வண்டல் படிவதும் கண்ணுக்குத் தெரிந்தது. சுற்றிலும் மலை, மலை முழுக்க வீடு. மண் வேறு எங்கே போகும்?

வேலையை வாங்கிய விதம் பற்றி நல்ல பெயர் இல்லை. எதிர்த்த பிரதானிகளைக் குளத்து மண்ணிலேயே கழுவேற்றினார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் பிடித்த ராஜாவைப் பற்றி வெள்ளைக்காரன் எழுதிவைத்தது எவ்வளவு, நடந்தது எவ்வளவு என்று பிரிப்பது என் வேலையில்லை. ஆனால் கேட்ட பிறகு நடை கொஞ்சம் மெதுவாகிவிட்டது.

குளத்தைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேலே. விடியற்காலை ஆறு மணிக்கு நடங்கள். ஒன்பதுக்கு மேல் ஸ்கூல் வேனும் பஸ்ஸும் கரையோர ரோட்டை அடைத்துக்கொண்டு புகை கக்கும், ரசனை போய்விடும். குடை எடுத்துக்கொள்ளுங்கள், மழைக்கு மட்டுமில்லை. கரை மரங்களில் நீர்க்காகங்கள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றன. நடைபாதையில் எங்கெல்லாம் வெள்ளை அடித்திருக்கிறதோ அங்கெல்லாம் மேலே பார்க்காமல் வேகமாகப் போய்விட வேண்டும். தண்ணீரில் ஒரு மரக்கட்டை நீந்திப் போனது. உற்றுப் பார்த்தால் கட்டை நாக்கை நீட்டுகிறது! நம் உடும்புக்கு அண்ணன் போல ஒன்று, அங்கே கபரகொய்யா என்கிறார்கள். ஒன்றும் செய்யாது. மனைவியிடம் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

கரையில் பாதி தூரத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர் வருகிறது. மேல்பக்கம் அலை போல வளைந்து வளைந்து போகும், இடையிடையே முக்கோண மாடங்கள். வலாகுளு பம்ம, அதாவது மேகச் சுவர். விழா இரவுகளில் அந்த மாடங்களில் விளக்கேற்றுவார்களாம், நீரில் அதன் நிழல் விழுமாம். குளத்தைச் சுற்றி முழுக்கக் கட்ட ராஜா நினைத்திருக்கிறார். 1815இல் பிடித்துவிட்டார்கள். மார்ச் 2ஆம் தேதி அரண்மனை மண்டபத்தில் பிரதானிகளே நாட்டை எழுதிக் கொடுத்தார்கள். சுவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் சாதாரணக் கைப்பிடிதான். கண்டியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டால், அந்தச் சுவர் முடிகிற அந்த முனை. அங்கே அறிவிப்பும் இல்லை, யாரும் நின்று படமும் எடுக்கவில்லை. பாதியில் ஒப்பந்தக்காரர் ஓடிப்போன வேலைகளை நிறையப் பார்த்தவன் நான். கட்டச் சொன்னவரே போய்விட்ட வேலை இது ஒன்றுதான்.

நடுவில் ஒரு சின்னத் தீவு. ராஜாவின் அந்தப்புரம் என்று கதை. பிறகு வெள்ளைக்காரர்கள் அதில் வெடிமருந்து வைத்தார்கள். கரையோரம் ராணிகள் குளித்த மண்டபம் ஒன்றும் இருக்கிறது, பாதி தண்ணீருக்குள். இவை எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்க வேண்டுமென்றால் தென்பக்க மேட்டில் ராஜபிஹில்ல ரோட்டில் ஆர்தர்ஸ் சீட் என்ற வளைவுக்கு ஏறுங்கள். குளம், மாளிகை, எதிர்மலையில் 88 அடி வெள்ளைப் புத்தர், எல்லாம் ஒரே பார்வையில் வரும். நடந்து ஏறினால் மூச்சு வாங்கும், ஆட்டோவில் போய் நடந்து இறங்குவது புத்திசாலித்தனம்.

குளக்கரையில் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார், நல்ல தமிழ். "என்னைத் தெரியலையா? நீங்க தங்கியிருக்கற ஹோட்டல்ல கிச்சன்ல இருக்கேன், இன்னிக்கு லீவு" என்றார். நாங்கள் தங்கியிருந்தது ஒரு வீட்டு மாடியில். சமைப்பது அந்த வீட்டு அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி, "அப்படியா தம்பி, காலைல சட்னில உப்பு ஏன் கூடிப்போச்சு?" என்று கேட்டாள். மனிதர் அசரவில்லை. "நாளைக்குக் குறைச்சுடறேன்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடியைப் பார்த்து நடந்தார். இப்படி வருகிறவர்கள் கடைசியில் ஒரு ரத்தினக்கல் கடையிலோ வாசனைத் திரவியத் தோட்டத்திலோ கொண்டுபோய் நிறுத்துவார்கள். முதல் நாள் வேறொரு ஆட்டோக்காரர் எங்களை அப்படி நிறுத்தி, முட்டிவலிக்கு ஒரு எண்ணெயை எங்கள் தலையில் கட்டினார். வலி அப்படியே இருக்கிறது, எண்ணெய் தீர்ந்துவிட்டது.

தலதா மாளிகைக்கு வருகிறேன். காலை ஐந்தரை, ஒன்பதரை, மாலை ஆறரை என்று மூன்று வேளை பூஜை. அந்த நேரத்தில் போனால்தான் மேல்மாடியில் கருவறைக் கதவு திறக்கும். இல்லாவிட்டால் மூடிய கதவையும் கட்டடத்தையும் பார்த்துவிட்டு வரலாம். கூட்டம் குறைவு என்பதால் நாங்கள் விடியற்காலை போனோம். பல்லைச் சாதாரண நாட்களில் யாருக்கும் காட்டுவதில்லை. தாதுகோபம் போன்ற தங்கப் பேழையைத்தான் சில வினாடி பார்க்கலாம், அதற்குள் வரிசை தள்ளிவிடும். நம் பெரிய கோயில்களில் ஜரகண்டிக்குப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. எனக்குப் பேழையைவிட மேளம்தான் மனதில் நின்றது. கீழ்த்தளத்தில் வெற்றுடம்போடு வெள்ளைத் துணி கட்டி நிற்கும் மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்தால், நெஞ்சுக்கூட்டுக்குள் யாரோ தட்டுவது போல இருக்கிறது. பூ விற்கும் தட்டில் நீலத் தாமரை வாங்கிக்கொள்ளுங்கள். எல்லோரும் ஏதோ ஒன்றைக் கையில் பிடித்திருக்கும்போது சும்மா நிற்பது கூச்சமாக இருக்கும்.

நான்காம் நூற்றாண்டில் கலிங்கத்து இளவரசி தன் கூந்தலுக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள் என்பது அந்தப் பல்லின் வரலாறு. அதை வைத்திருப்பவனே அரசன் என்பது நம்பிக்கை. முன்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் எண்கோண மண்டபம் எங்கள் ராஜா கட்டியது. அங்கே நின்றுதான் ஜனங்களுக்குத் தரிசனம் தருவார். இப்போது ஓலைச்சுவடி நூலகம். 1998இல் வாசலில் குண்டு வெடித்து முன்பக்கம் நாசமானது. அதற்கப்புறம் மாளிகைக்கு முன்னால் வண்டிகளை விடுவதில்லை, சோதனை உண்டு. வரிசையில் எங்கள் பையைப் பிரித்துப் பார்த்த பெண் காவலர், பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே "போங்க அம்மா" என்றார். அந்த ஒரு சொல் எங்கள் இருவருக்கும் ரொம்ப நேரம் காதில் இருந்தது.

முழங்காலும் தோளும் மூடிய உடுப்பு வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். முக்கியமாக ஒன்று: புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். அங்கே அதை அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் உள்ளூர்க்காரர்களுக்கு வேறு, வெளிநாட்டுக்காரர்களுக்கு வேறு; சில இடங்களில் சார்க் நாடுகளுக்குக் குறைப்பார்கள் என்பதால் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வளாகத்துக்குள்ளேயே ராஜா என்ற பழைய கோயில் யானையைப் பாடம் பண்ணி நிறுத்தியிருக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல் கோயிலுக்கு உழைத்து 1988இல் இறந்தது. பெரஹரா என்ற திருவிழா ஊர்வலத்தில் பேழையைச் சுமந்த யானை. கண்ணாடிக்குள் நிற்கும் அதற்கும் ஜனங்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் இத்தோடு வெளியே வந்து ஐஸ்கிரீம் வாங்கிக்கொள்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். மாளிகைக்கு எதிரே சுற்றுச்சுவருக்குள் சின்னச் சின்னதாக தேவாலயங்கள், அதாவது தெய்வங்களுக்கான கோயில்கள், இருக்கின்றன. அதில் ஒன்று பத்தினி தேவாலயம். மனைவி உள்ளே போய் விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கிழவி பக்கத்தில் வந்து கையால் ஏதோ சைகை காட்டி, "பத்தினி, பத்தினி" என்றார். திடீரென்று இவள் திரும்பி, "என்னங்க, இது கண்ணகிங்க!" என்றாள். கண்ணகியேதான். சேரன் செங்குட்டுவன் கோயிலெடுத்தபோது இலங்கைக் கயவாகுவும் வந்திருந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்லும்; இங்கே கஜபாகு என்ற அதே பெயரை வைத்துத்தான் பத்தினி வழிபாடு வந்த கதையைச் சொல்கிறார்கள். மதுரையை எரித்தவளுக்கு நாம் எத்தனை கோயில் வைத்திருக்கிறோம்? இங்கே அம்மை போட்டாலும் மழை பெய்யாவிட்டாலும் அவளிடம்தான் வருகிறார்கள். பக்கத்திலேயே விஷ்ணு, சற்றுத் தள்ளிக் கடைவீதியில் கதிர்காமக் கடவுள், அதாவது நம் முருகன். மனைவி அன்று முழுக்கக் கணக்கு வைத்துக்கொண்டே வந்தாள்.

தேசிய அருங்காட்சியகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது, 1822இல் ஏற்பட்டது. வாட்டர்லூ யுத்தத்தில் தப்பித்தவர் இங்கே காய்ச்சலில் போயிருக்கிறார். இன்னொருவர் யானை மிதித்து. முப்பது வயதைத் தாண்டியவர்கள் குறைவு. ராஜாவை நாடு கடத்தியவர்களுக்கும் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அரை மணி நேரம் போதும், போங்கள்.

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு அரை நாள் கொடுங்கள், நாங்கள் முழு நாள் கொடுத்தோம். நகரத்திலிருந்து ஆட்டோவில் கால் மணி. 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி வளைந்து ஓடுகிறது. புல்வெளி நடுவில் ஒரு ஜாவா அத்தி. மரம் என்று சொல்வதா, கூரை என்று சொல்வதா தெரியவில்லை. நான்கைந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதன் அடியில் தனித்தனியாக வட்டம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரட்டைத் தேங்காய் மரம் இருக்கிறது. 1961இல் விண்வெளி வீரர் ககாரின் நட்ட மரமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தன் தலைமையகத்தையே இந்தப் பூங்காவுக்குக் கொண்டுவந்திருந்தார். மனுஷனுக்கு ரசனை இருந்திருக்கிறது. ஆனால் இந்தப் பூங்காவை மறக்க முடியாமல் செய்வது வவ்வால்கள்தான். உச்சி வெயிலில் மரத்துக்கு மரம் கறுப்புக் குடை மாட்டினது போலத் தொங்குகின்றன, அவ்வப்போது ஒன்று பறந்து இன்னொன்றோடு சண்டைக்குப் போகிறது. சத்தம் காது கிழிகிறது. மனைவி முதலில் முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தாள்.

உடவத்தகலே காடு மாளிகைக்குப் பின்னாலேயே ஏறுகிறது. முந்தின இரவு மழை பெய்திருந்தால் அட்டைகள் இருக்கும். எனக்கு இரண்டு, மனைவிக்கு ஒன்றுமில்லை. கெட்ட ரத்தம் என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னாள். மாலை ஐந்து மணி நடனக் காட்சி ஒரு மணி நேரம், கடைசியில் தீமிதி. சுற்றுலாவுக்கென்று சுருக்கியது என்பது தெரிகிறது. ஆனால் வெள்ளி முடி வைத்த வெஸ் நடனக்காரர்கள் சுழலும்போது அந்தக் குறையெல்லாம் தோன்றாது. ஒரு தடவை பார்க்கலாம்.

மூன்றாம் நாள்தான் எங்களுக்கு நல்ல ஆட்டோக்காரர் கிடைத்தார். பூஜைக்கடை வாசலில் நின்றிருந்தவர், "ஐயா இந்தியாவா?" என்று கேட்டார். மலையகத் தமிழர். கொள்ளுத்தாத்தா திருச்சிப் பக்கம் என்பது தெரியும், எந்த ஊர் என்பது தெரியாது. அவரே ஒரு சுற்று சொன்னார்: கம்பளைப் பக்கம் மூன்று பழைய கோயில்கள், அப்புறம் அவர் காட்ட விரும்பிய ஓர் இடம்.

கடலாதெனிய கல் கோயில், 1344இல் கட்டியது. படியேறும்போதே எனக்குச் சந்தேகம் வந்தது: இந்தத் தூணும் அதிட்டானம் என்கிற இந்த அடிப்பீடமும் நம் பக்கத்துக் கை இல்லையா? விசாரித்தால், கட்டிய ஸ்தபதி தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேசுவராச்சாரி. அதே காலத்து லங்காதிலக, வெறும் பாறை மேல் வெள்ளையாக நிற்கிறது. முன்னால் புத்தர். கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனால் விபீஷணனும் பிள்ளையாரும் இருக்கிறார்கள். பாறையிலேயே கல்வெட்டு, சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. எம்பெக்கே மரக் கோயில் முருகனுக்கு. தூண்களில் மல்யுத்தம், அன்னப் பின்னல், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், இரட்டைத் தலைக் கண்டபேரண்டம். கூரையை அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். ஒரு முனையில் 26 சட்டங்கள் வந்து ஒரே ஒரு மர ஆப்பில் குத்தி நிற்கின்றன. கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். என் வேலைக்காலத்தில் எந்தத் தச்சரிடமாவது இப்படி வரைபடத்தை நீட்டியிருந்தால் என்னைக் கொன்றிருப்பார்.

அவர் காட்ட விரும்பிய இடம், பரதெக என்ற ஊரில் பழைய தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கும் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம். சிலபேர் ஹந்தானை மலையிலிருக்கும் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போவார்கள். நாங்களும் மறுநாள் போனோம். 1925இல் கட்டிய தொழிற்சாலை, பழைய உருளைகளும் இயந்திரங்களும் பளபளவென்று நிற்கின்றன, மேல்தளத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே மலையைப் பார்க்கலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை போட்ட கதையெல்லாம் அங்கே இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பரதெகவுக்குப் போங்கள். தொழிலாளர்கள் குடியிருந்த ஒரு லயத்து வரிசையை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அந்த அறைக்குள் நான் குனிந்துதான் போனேன். அடுப்பு, அம்மி, கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி. மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக இந்த மலைகள் வரை நடந்து வந்தார்கள், வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ. மனைவி அம்மியைத் தொட்டுப் பார்த்து, "எங்க பாட்டி வீட்டு அம்மி" என்றாள். ஆட்டோக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டார். உள்ளே வரவில்லையா என்றேன். "நான் பொறந்ததே இது மாதிரி ஒண்ணுலதான் ஐயா, நீங்க பாருங்க" என்றார்.

சாப்பாடு பற்றிக் கேட்பீர்கள். சைவக்காரர்களுக்குப் பயமில்லை, இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் எங்கும் கிடைக்கும். சோறும் கறியும் என்றால் கறி என்பது இறைச்சி மட்டுமில்லை, காய்க்கும் அதே பெயர்தான், பதறாதீர்கள். மாசிக் கருவாட்டுத்தூள் சம்பலில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பலாக்காய்க் கறி நம் ஊரைவிட ஒரு படி மேல். மாலையில் கொத்து ரொட்டி போடும் சத்தம் தெருவுக்கே தாளம். பிளேன்டீ என்றால் பால் இல்லாத தேநீர். இந்த மலையில் வந்து பாலூற்றிய டீ கேட்டால் கடைக்காரர் பால்பவுடரைக் கரைத்துத் தருவார். இரண்டாம் நாளே நாங்கள் பிளேன்டீக்கு மாறிவிட்டோம். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் மூன்றுக்கு மேல் கிடைப்பதால் முதல் நாள் எல்லாமே விலை ஏறித் தெரியும். வகுத்துப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆடியை ஒட்டி வரும் எசல பெரஹராவுக்குப் போகலாமா என்றால், கூட்டம் தாங்குமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். யானைகளும் தீப்பந்தங்களும் மேளமுமாகப் பத்து இரவுகள். ஊரில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை எகிறியிருக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே போயா விடுமுறை. அன்று கோயிலில் வெள்ளை உடுப்பாக இருக்கும், அழகுதான், பேழையைப் பார்க்க மட்டும் வரிசை நகராது.

நான்கு நாள் சரியான கணக்கு. இரண்டு நாளில் முடித்துவிட்டு நுவரெலியா ரயிலைப் பிடிப்பவர்கள் குளத்தை ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போடுவேன். அந்த ஒன்றைக் கரையோர வண்டிப் புகைக்கும் முட்டிவலி எண்ணெய்க்குமாகக் கழித்துக்கொண்டேன்.

கடைசி நாள் மாலை ஆட்டோக்காரரிடம், மேகச் சுவர் முடிகிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை, இறங்கி வந்தார். நான் வேலூர்க் கதையைச் சொன்னேன். ராஜாவை இந்தியாவுக்குக் கொண்டுபோனார்கள் என்பது அவருக்குத் தெரியும். எந்த ஊர் என்பது தெரியாது.

"கோட்டையிலயா வச்சிருந்தாங்க?"

"ஆமா. சுத்தியும் அகழி."

"அகழின்னா?"

"கோட்டையைச் சுத்தித் தண்ணி. குளம் மாதிரி."

அவர் வாவியைப் பார்த்தார். "அதுல இப்ப தண்ணி இருக்கா ஐயா?"

"இருக்கு."

"அப்ப பரவாயில்லை" என்று வண்டியைத் திருப்பினார்.